உங்களுக்கு நீங்களே ஒரு கேஸ் ஷீட்: புதிதாக இன்சார்ஜ் ஆன நர்ஸ்களுக்கு

போன மாதம் எங்கள் தளத்தில் புதிதாக இன்சார்ஜ் ஆன ஒரு தங்கை அப்ரைசல் பாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, 'உங்கள் தலைமைப் பண்பையும் வழிகாட்டும் திறனையும் நீங்களே மதிப்பிட்டு எழுதுக'னு போட்டிருக்கு. என்னத்தக்கா எழுத?" என்றாள். பென்சிலில் ஏற்கெனவே மூன்று வரி எழுதியிருந்தாள். கடின உழைப்பாளி, எல்லோரையும் அனுசரித்துப் போவேன், ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பேன். நான் முதல் தடவை எழுதியதும் கிட்டத்தட்ட இதே மூன்று வரிதான், கையெழுத்து மட்டும் வேறு.

அவளிடம் ஒன்று கேட்டேன். "நர்ஸ் நோட்ஸ்ல ஒரு பொண்ணு 'பேஷண்ட் நல்லா இருக்காரு'னு எழுதி வச்சா நீ ஒத்துக்குவியா?" சிரித்துவிட்டாள். பி.பி. எவ்வளவு, பல்ஸ் எவ்வளவு, காலையில் எத்தனை இட்லி சாப்பிட்டார், யூரின் எத்தனை மி.லி. போயிற்று, வலி பத்துக்கு எத்தனை என்கிறார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்று எழுதித்தான் நமக்குப் பழக்கம். படித்த காலத்திலிருந்து அதைத்தான் அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நம்மைப் பற்றி எழுதச் சொன்னால் மட்டும் 'பொதுவாக நலமாக உள்ளார்' என்று ஒரே வரியில் டிஸ்சார்ஜ் போட்டு அனுப்பிவிடுகிறோம்.

அதனால் நான் சொல்லப் போவது ஒன்றே ஒன்றுதான். நோயாளியைக் கவனித்து எழுதுகிற அதே கையால் உங்களையும் கவனித்து எழுதுங்கள். மதுரையில் மூன்று ஆஸ்பத்திரி, பதினாலு வருஷம், அதில் ஏழு வருஷம் இன்சார்ஜ் என்று ஓட்டியபிறகுதான் இது எனக்கு உறைத்தது. உங்களுக்கு முதல் வருஷத்திலேயே உறைத்தால் நல்லது, அதற்காகத்தான் எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டு

தெருமுனைக் கடையில் கிடைக்கும் நாற்பது பக்க நோட்டு போதும். போனில் எழுதலாமா என்று கேட்பீர்கள், எழுதலாம், ஆனால் போனில் எழுதுவது என்றைக்காவது தப்பான வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்ச் சேரும் என்பது என் அனுபவம். நோட்டில் நோயாளி பெயர், ஐ.பி. நம்பர், பெட் நம்பர் எதுவும் வேண்டாம். ஜூனியர்களின் பெயரும் வேண்டாம், உங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஒரு எழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது எழுதுவது என்பதுதான் பெரிய சிக்கல். வீட்டுக்குப் போய் எழுதுவேன் என்று நினைத்தால் எழுத மாட்டீர்கள், வீட்டில் அடுப்பு காத்திருக்கும். நான் பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருமங்கலம் பஸ்ஸுக்கு நிற்கிற அந்தப் பத்து நிமிஷத்தில் எழுதுவேன். தினமும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு சம்பவம் போதும்.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நோயாளிக்கு ஏதாவது தவறு நடந்திருந்தால் முதலில் டியூட்டி டாக்டருக்குச் சொல்லி, செய்ய வேண்டியதைச் செய்து, இன்சிடெண்ட் ரிப்போர்ட் எழுதிவிட்டு வாருங்கள். நோட்டு அதற்கு அப்புறம்தான். நோட்டில் எழுதிவிட்டேன் என்பதற்காக ரிப்போர்ட்டை விட்டுவிடக் கூடாது.

சின்னதாக ஒரு சம்பவம்

'என் தலைமைப் பண்பு எப்படி' என்று பொதுவாக யோசிக்கத் தொடங்கினால் ஒன்றும் வராது. ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். அதுவும் பெரிய கோட் புளூ (இதயம் நின்றவரைக் காப்பாற்ற எல்லோரையும் கூப்பிடும் அவசர அழைப்பு), பெரிய சண்டை எல்லாம் வேண்டாம். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கிற ஒரு ஹேண்டோவர், ஒரு திட்டு, லீவு கேட்டு வந்தவளுக்குச் சொன்ன ஒரு பதில். உங்கள் மனதில் லேசாக உறுத்திக்கொண்டே இருக்கும் ஒன்று இருக்குமே, அதுதான்.

கிரஹாம் கிப்ஸ் என்பவர் 1988ல் ஒரு சுழற்சி முறை சொன்னார். நர்சிங் படிப்பில் இதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், பரீட்சைக்கு வட்டம் வரைந்து ஆறு பெயர் எழுதியிருப்பீர்கள், அத்தோடு மறந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். ஆறு பெயரையும் விடுங்கள், ஆறு கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது? அப்போது மனதில் என்ன ஓடியது? எது சரியாக நடந்தது, எது தப்பானது? ஏன் அப்படி ஆனது? வேறென்ன செய்திருக்கலாம்? அடுத்த தடவை என்ன செய்வேன்?

என்னுடைய ஒரு பக்கத்தையே காட்டுகிறேன். பழைய கதை, இப்போது சொல்லலாம்.

ஆண்கள் வார்டு, நைட் டியூட்டி, 28 நோயாளிகள், நாங்கள் இரண்டு பேர். கூட இருந்தவள் சேர்ந்து மூன்று மாதமான பெண். இரண்டு மணிக்கு ஒரு பெரியவருக்கு அவள் ஆன்டிபயாடிக் போட்டாள். இரண்டரைக்கு கேனுலா (டிரிப் ஏற்ற நரம்பில் போடும் சின்னக் குழாய், லைன் என்றும் சொல்வோம்) போட்ட கை வீங்குவதைப் பார்த்திருக்கிறாள். டிரிப்பை நிறுத்தினாள், போர்வையை இழுத்துக் கையை மூடினாள், என்னிடம் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கு டெம்பரேச்சர் பார்க்கப் போன நான் போர்வையை விலக்கினால் கை முழங்கை வரை பளபளவென்று வீங்கிக் கிடக்கிறது. பெரியவர் பாவம், "டிரிப்ஸு ஏறுனா இப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேம்மா" என்கிறார். அவளைக் கூப்பிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க திட்டுவீங்கனு பயமா இருந்துச்சுக்கா."

இதை அன்றைக்கு நான் நோட்டில் எழுதியபோது முதல் வரி என்ன தெரியுமா? 'ஜூனியர் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டாள்.' இதுவும் 'பேஷண்ட் நல்லா இருக்காரு' வகைதான். நடந்ததை எழுதவில்லை, தீர்ப்பை எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டு மணி வாரியாக எழுதிக்கொண்டு வந்தபோதுதான் அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்த ஒன்று வந்து முன்னால் நின்றது. அதே பெண் ஒரு நோயாளிக்கு இரண்டு தடவை குத்தியும் லைன் கிடைக்காமல் நின்றாள், நான் போய் நோயாளியின் மனைவி, மகன் எல்லோரும் பார்க்க, "இதுகூடத் தெரியாம என்னத்தப் படிச்சிட்டு வந்த" என்று கேட்டேன். அந்த வாரம் முழுக்க அவள் என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அதை நான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது கேள்விக்கு கோபம் என்று எழுதினேன். இன்னும் கொஞ்சம் யோசித்தால் கோபத்துக்கு அடியில் பயம்தான் இருந்தது, டாக்டர் ரவுண்ட்ஸில் என்னைத்தானே கேட்பார். மூன்றாவதில் ஒரு ஆச்சரியம்: அவள் டிரிப்பை உடனே நிறுத்தியிருக்கிறாள், அது சரியான முடிவு. அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. கேனுலாவை எடுக்காமல் விட்டதும், மூன்றரை மணி நேரம் யாருக்கும் சொல்லாததும், மருந்து பாதியில் நின்றுபோனதும் தப்பு. நான் பார்த்தவுடன் கேனுலாவை எடுத்து, கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, டாக்டருக்குச் சொல்லி, எழுதி வைத்தது சரி.

நாலாவது கேள்விதான் வலித்தது. ஏன் அப்படி ஆனது? 28 பேருக்கு இரண்டு பேர் என்பது ஒரு காரணம், அது என் கையில் இல்லை. கை வீங்கினால் இன்னது செய், என்னை உடனே கூப்பிடு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அது என் கையில் இருந்தது. எல்லோர் முன்னாலும் திட்டினேன். அப்புறம் இன்னொன்று, இதை எழுத மனசே வரவில்லை: இரண்டரை மணிக்கு நான் நர்சிங் ஸ்டேஷன் மேஜையில் தலை சாய்த்திருந்தேன். தூங்குகிற சீனியரை எழுப்பி, தன் தப்பைச் சொல்ல எந்தப் பெண்ணுக்குத் தைரியம் வரும்?

ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் சேர்த்து ஒரே முடிவுதான் எடுத்தேன். நைட் தொடங்கும்போதே கூட இருப்பவளிடம் சொல்லிவிடுவது: லைன் போட்ட கை வீங்கினால், பி.பி. இறங்கினால், மருந்தில் சின்னச் சந்தேகம் வந்தால், நான் தூங்கினாலும் சாப்பிட்டாலும் எழுப்பு, எழுப்பியதற்காக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். முதல் பத்து நாள் இதை மனப்பாடம் மாதிரி ஒப்பித்தேன். அப்புறம் வழக்கமாகிவிட்டது.

ஆறு கேள்விக்கும் தெம்பில்லாத நாளில் மூன்று போதும். டெரி போர்ட்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1970ல் சொன்னது: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. நைட் முடிந்து கண் எரியும்போது அதுதான் எனக்குக் கைகொடுக்கும்.

தலைமை வேறு, சொல்லிக்கொடுப்பது வேறு

பாரத்தில் இரண்டையும் ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். ஷிஃப்ட் ஒழுங்காக ஓடியதா, வேலை சரியாகப் பிரிந்ததா, டாக்டரிடமும் அட்டெண்டர்களிடமும் பேச வேண்டியதைப் பேசினேனா என்பது தலைமை. இந்தப் பெண் மூன்று மாதத்துக்கு முன்னால் செய்ய முடியாத எதை இப்போது தானாகச் செய்கிறாள் என்பது வழிகாட்டுதல். இரண்டும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். ஷிஃப்ட் வேகமாக ஓட வேண்டுமென்றால் நீங்களே செய்துவிடுவது சுலபம், ஆனால் அப்படியே போனால் அந்தப் பெண் ஒரு வருஷம் கழித்தும் உங்கள் பின்னால் கிட்னி ட்ரே தூக்கிக்கொண்டுதான் நிற்பாள்.

பட்ரீசியா பென்னர் 1984ல் நர்ஸ்களின் திறமையை ஐந்து படியாகப் பிரித்தார். புத்தம் புதியவர், கொஞ்சம் பழகியவர், தானாகச் சமாளிப்பவர், தேர்ந்தவர், நிபுணர். ட்ரைஃபஸ் சகோதரர்கள் விமானிகளையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் வைத்துச் சொன்னதை அவர் நம் வேலைக்குக் கொண்டுவந்தார். இதில் முக்கியமான சங்கதி, ஒரு வேலையில் நிபுணராக இருப்பவர் புது இடத்துக்குப் போனால் மறுபடி முதல் படிக்கு வந்துவிடலாம். பத்து வருஷம் ஐ.சி.யூ.வில் கலக்கிய ஆள் இன்சார்ஜ் ஆன முதல் நாள் ரோஸ்டர் (யாருக்கு எந்த டியூட்டி, யாருக்கு லீவு என்ற அட்டவணை) போடத் தெரியாமல் முழிப்பது இதனால்தான். உங்களைப் பற்றி எழுதும்போது இதை மறக்காதீர்கள். கேனுலா போடுவதில் நீங்கள் ஐந்தாம் படி, ஆள் நடத்துவதில் இப்போதுதான் முதல் படி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது ஒரு பக்கத்தில் கட்டம் போடுங்கள். இடது பக்கம் உங்கள் ஜூனியர்கள், மேலே வேலைகள்: லைன் போடுவது, ரத்தம் ஏற்றுவது, ஹேண்டோவர், கோபமாக வரும் அட்டெண்டரிடம் பேசுவது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றிலிருந்து ஐந்து வரை நம்பர். ஒரே பெண் லைன் போடுவதில் நாலு, ரத்தம் ஏற்றுவதில் ஒன்று என்று வரும். நான் போட்டுப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது, நான் ஆளுக்கு ஒரு நம்பர் மனதில் வைத்திருந்தேன். கெட்டிக்காரி என்று முடிவு கட்டியவளை எல்லாவற்றிலும் கெட்டிக்காரி என்று விட்டுவிட்டேன், மந்தம் என்று நினைத்தவளை எதிலும் தொடவிடவில்லை.

அதில் ஒரு தடவை நல்லவேளையாகத் தப்பித்தேன். கெட்டிக்காரி என்று நான் நினைத்த பெண்ணிடம், "அந்த பேஷண்டுக்கு கே.சி.எல். ஒரு ஆம்பூல் குடுத்துரு" என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனேன். கே.சி.எல். என்றால் பொட்டாசியம் குளோரைடு மருந்து. அவள் ஆம்பூலை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள். "அக்கா, இத நேராவா குடுக்குறது?" எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நம்மிடம் வருகிற 10 மி.லி. ஆம்பூலில் 20 மில்லி ஈக்விவலண்ட் பொட்டாசியம் இருக்கிறது, அதை நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். டாக்டர் எழுதியிருந்தது 500 மி.லி. நார்மல் சலைனில் கலந்து நாலு மணி நேரத்தில் மெதுவாக ஏற்றச் சொல்லி. நான் சொன்னதில் எதில் கலப்பது, எவ்வளவு நேரம் இரண்டும் இல்லை. அன்றைக்கு நோட்டில் 'ஜூனியருக்கு கே.சி.எல். தெரியவில்லை' என்று எழுத வந்த கையை நிறுத்தி, 'என் ஆர்டர் பாதி' என்று எழுதினேன். அவள் கேட்டாள் என்பதையும் எழுதினேன், ஏனென்றால் கேட்கத் தோன்றியதே பெரிய விஷயம். அதற்கப்புறம் இந்த மாதிரி மருந்துகளுக்கு வாயால் சொல்வதோடு நிறுத்துவதில்லை, கேஸ் ஷீட்டைக் காட்டி, நான் சொன்னதை அவர்கள் திருப்பிச் சொன்ன பிறகுதான் நகர்கிறேன்.

எல்லா நேரமும் கேட்டுக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. ஹெர்சி, பிளான்சர்ட் என்று இரண்டு பேர் 1969ல் சொன்னதும் அதுதான்: ஆளையும் வேலையையும் பார்த்து, கட்டளையிடுவது, விளக்கிச் சொல்வது, கூட நின்று செய்வது, விட்டுக்கொடுத்துவிடுவது என்று மாற வேண்டும். நான் கொஞ்ச காலம் கேஷுவாலிட்டியில் இருந்தேன். பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் மாடு குத்தியவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். தொடையில் கொம்பு பாய்ந்து ரத்தம் பீய்ச்சுகிற நேரத்தில் "நீ என்னம்மா நினைக்கிற?" என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. நீ அமுக்கிப் பிடி, நீ லைன் போடு, நீ ரத்தத்துக்கு ஃபோன் பண்ணு, அவ்வளவுதான். அங்கே அதட்டல் வேலை செய்தது. அந்த அதட்டலை வார்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, சாதாரண செவ்வாய்க்கிழமை காலையிலும் அதே குரலில் பேசியதுதான் என் தப்பு. டொனால்ட் ஷான் 1983ல் செய்யும்போதே யோசிப்பது, செய்த பிறகு யோசிப்பது என்று இரண்டாகப் பிரித்தார். கேஷுவாலிட்டி முதலாவதை நன்றாகக் கற்றுக்கொடுக்கும். இரண்டாவதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, பஸ் ஸ்டாண்டில் நின்று நாமாகத்தான் செய்துகொள்ள வேண்டும்.

சொல்லிக்கொடுப்பதற்கு நம் ஊரிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே கிராமங்களிலிருந்து பள்ளி முடித்த பெண்களை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனையிலிருந்து ஆபரேஷன் தியேட்டர் உதவி வரை அவர்களையே செய்ய வைத்தார்கள். ஒரு பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் கைவரும் வரை சொல்லிக்கொடுத்தால் ஆகும் என்பதற்கு அது சாட்சி. நம்மில் பலர் 'பாத்துப் பழகிக்கோ' என்று சொல்லிவிட்டு அதையே டீச்சிங் என்கிறோம்.

எண்ணிப் பாருங்கள்

பி.பி., பல்ஸ் மாதிரி வைட்டல்ஸ் இல்லாத கேஸ் ஷீட் உண்டா? ஒரு வாரத்துக்கு உங்களையே எண்ணுங்கள். பாக்கெட்டில் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக் கோடு கோடாகப் போடுங்கள்.

நான் முதலில் எண்ணியது, ஜூனியரின் கையிலிருந்து எத்தனை தடவை பொருளைப் பிடுங்கினேன் என்பது. "தள்ளு, நான் போடுறேன்." முதல் வாரம் பதினொன்று. எனக்கு மூன்று அல்லது நாலு இருக்கும் என்றுதான் நினைப்பு. அதில் நிஜமாகவே அவசரம் இருந்தது இரண்டு தடவைதான், மீதி ஒன்பதும் பார்த்துக்கொண்டு நிற்கப் பொறுமை இல்லாமல். அடுத்த வாரத்திலிருந்து இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், சிரிக்காதீர்கள், வேறு வழி தெரியவில்லை.

அப்புறம் திருத்தம் சொன்ன இடம். நோயாளி பக்கத்திலா, மெடிசின் ரூமுக்குக் கூப்பிட்டா? கேள்வியோடு வந்தவளுக்கு உடனே பதிலைச் சொன்னேனா, "நீ என்ன செய்யலாம்னு நெனக்கிற?" என்று ஒரு தடவையாவது திருப்பிக் கேட்டேனா?

பழைய ரோஸ்டரையும் எடுத்துப் பாருங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு மதுரையில் லீவு வேண்டாம் என்று சொல்லும் நர்ஸ் கிடையாது. எனக்கு நான் ரொம்ப நியாயமானவள் என்று ஒரு எண்ணம் இருந்தது. மூன்று வருஷ ரோஸ்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என்னோடு டீ குடிக்க வருகிற இரண்டு பேர் மூன்று வருஷமும் அன்றைக்கு வீட்டில். யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்காததால் நியாயம் என்று நான் வைத்துக்கொண்டேன்.

கடைசியாக, யாரை 'நீங்க' என்கிறேன், யாரை 'நீ' என்கிறேன். இதையும் எழுதுங்கள். பி.எஸ்சி. நர்சிங் பட்டம் முடித்து வந்த பெண்ணை 'வாங்க சிஸ்டர்' என்றும், அதே வயதில் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து வந்தவளை 'வா புள்ள' என்றும் கூப்பிட்டிருக்கிறேன். என்னைவிட இருபது வயது மூத்த ஆயாம்மாவை நீ, வா, போ என்றிருக்கிறேன். பாசத்தில் சொன்னது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டாக்டர்கள் யாரையும் அப்படிப் பாசத்தில் கூப்பிட்டதாக நினைவில்லை.

அடுத்தவரிடம் கேட்பது

ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் இருவரும் 1955ல் ஜோஹாரி ஜன்னல் என்று ஒன்றைச் சொன்னார்கள், இருவர் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. நாலு கட்டம். அதில் நமக்கு வேண்டியது, மற்றவருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத கட்டம். அதைத் திறக்க ஒரே வழி கேட்பதுதான், ஆனால் கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். "நான் எப்படிடி?" என்று ஜூனியரிடம் கேட்டால் "அக்கா நீங்க சூப்பருக்கா" என்பாள். வேறென்ன சொல்வாள், அடுத்த வார ரோஸ்டர் உங்கள் கையில்தானே இருக்கிறது.

குறிப்பாகக் கேளுங்கள். "நேத்து ஹேண்டோவர்ல நான் எந்த எடத்துல ரொம்ப வேகமாப் போனேன்?" "ரத்தம் ஏத்துறது சொல்லிக்குடுத்தேன்ல, அதுல இன்னும் எது புரியல?" தப்பு இருக்கிறது என்று நீங்களே ஒத்துக்கொண்டு கேட்கிற கேள்விக்குத்தான் பதில் வரும். பதில் வந்ததும் "இல்ல, நான் ஏன் அப்படிச் செஞ்சேன்னா..." என்று தொடங்கிவிடாதீர்கள். நன்றி சொல்லிவிட்டு நோட்டில் அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள்.

ஆயாம்மாவிடம் கேளுங்கள். எல்லா ஷிஃப்டையும் எல்லா இன்சார்ஜையும் பார்த்தவர் அவர். நான் ஒரு நாள் கேட்டதற்கு எங்கள் ஆயாம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார், "கோச்சுக்கிராத தாயி. நீ நடந்து வர்ற செருப்புச் சத்தம் கேட்டாலே அந்தப் புள்ளைக பேச்ச நிப்பாட்டிப்புடுதுக." எந்த அப்ரைசல் பாரத்திலும் எனக்கு இப்படி ஒரு வரி கிடைத்ததில்லை.

இனி என்ன என்பதில் தேதி வேண்டும்

'இனி பொறுமையாக இருப்பேன்' என்பது திட்டம் ஆகாது. டாக்டர் 'நோயாளியைக் குணப்படுத்தவும்' என்று ஆர்டர் எழுதினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மருந்து, அளவு, வேளை, எத்தனை நாள் என்று வேண்டும் அல்லவா. அப்படியே எழுதுங்கள்: 'இந்த வாரம் திங்கள் முதல் சனி வரை எந்தத் திருத்தத்தையும் பெட் பக்கத்தில் சொல்ல மாட்டேன். நோயாளிக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. ஞாயிறன்று எத்தனை தடவை தவறினேன் என்று எண்ணுவேன்.' ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. ஐந்தை எடுத்தால் ஐந்தும் போய்விடும்.

எங்கே சறுக்கும்

இரண்டு பக்கமும் சறுக்கும். சிலர் எழுத உட்கார்ந்தால் முழுக்கப் பெருமைதான். சிலர் எழுத உட்கார்ந்தால் எல்லாமே தன் தப்பு என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆள் பற்றாக்குறை, வராத ஸ்டாக், ரிப்பேரான மானிட்டர் எல்லாம் உங்கள் குணக்கேடு கிடையாது. நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, என் கையில் இருந்தது ஒரு பக்கம், இல்லாதது மறுபக்கம் என்று பிரியுங்கள். மறுபக்கத்தில் இருப்பதை சூப்பரின்டெண்டெண்டிடம் எழுத்தில் கொடுங்கள், அதுவும் தலைமையில் சேர்ந்ததுதான்.

ஒரு மரணத்துக்குப் பிறகு, ஒரு பெரிய தவறுக்குப் பிறகு, அதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு தூக்கம் வராமல் கிடந்தால் நோட்டை மூடிவிட்டு யாரிடமாவது பேசுங்கள். நம்பிக்கையான சீனியர் இருந்தால் அவரிடம். இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

பாரத்தில் எழுதும்போது

அந்தத் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். நோட்டு, கட்டம், எண்ணிக்கை எல்லாம் சொல்லி முடித்ததும் பாரம் கொடுக்க இரண்டு வாரம் தவணை வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது பென்சில் எழுத்தை அழித்துவிட்டு இப்படி எழுதியிருந்தாள்: 'ஜூனியர்களிடமிருந்து வேலையை நானே வாங்கிச் செய்யும் பழக்கம் எனக்கு இருக்கிறது. ஒரு வாரம் எண்ணியதில் எட்டு முறை. அடுத்த வாரம் அருகில் நின்று சொல்லிக்கொடுத்ததில் மூன்று முறையாகக் குறைந்தது. ஒருவர் இப்போது தானாக லைன் போடுகிறார். ரத்தம் ஏற்றுவதில் இருவருக்கு இன்னும் பயிற்சி தேவை, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முடிப்பேன்.' ஐந்து வரி. படிக்கிற யாருக்கும் இந்த ஆள் வார்டில் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று தெரியும்.

பாரத்தை மடித்துக்கொண்டே கேட்டாள், "அக்கா, இப்பிடி உண்மைய எழுதுனா மார்க்கக் கொறச்சிர மாட்டாங்களா?"

குறைக்கலாம். எல்லா மேலதிகாரியும் ஒரே மாதிரி கிடையாது, சிலர் இதைப் படித்துவிட்டு 'எட்டு முறையா?' என்பதில் மட்டும் வட்டம் போடுவார்கள். அதனால் நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள், பாரத்துக்கு எது போக வேண்டும் என்று நீங்கள் தேர்ந்தெடுங்கள். திருந்தத் தொடங்கிவிட்ட ஒன்றாகப் பார்த்து எழுதினால் பொய்யும் இல்லை, பாதகமும் இல்லை. அவள் லைன் போடுகிற கதையைப் பாரத்தில் கொடுத்தாள். தீபாவளி ரோஸ்டரில் தன் தோழிக்கு லீவு போட்ட கதையை நோட்டிலேயே வைத்துக்கொண்டாள், அடுத்த தீபாவளி ரோஸ்டர் போடும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போடப்போகிறாளாம்.